நீலக் கோடு

மே மாதத்தில் பிளந்த பிர்ச் விறகைப்
பட்டை மேலாக, பெய்ப்சி ஏரிக்காற்று நுழைய
விரலிடை விட்டுத்
தென்சுவரோடு அடுக்கினார் ஹெல்துர்.
இடப்பக்கம், வேலியோரம் மட்டும்
செப்டம்பரில் வந்த ஆல்டர் மரம். இன்னும் பச்சை.

போன குளிரில் நாலு வரிசை காணாமல் போனது.
ஆகவே இந்த வருஷம் கேட்டுக்குப் பூட்டு,
முயலுக்கெல்லாம் எரிகிற ஒரு விளக்கு,
அப்புறம் வெட்டுமுகங்களின் குறுக்கே
மூலைக்கு மூலை ஒரு நீலக் கோடு:
ஒரு கட்டை போனாலும் கோடு உடையும்.

ஜனவரி ஒன்பது. உடைந்தது.
இடப்பக்கம், பதினோரு கட்டை.
பனியில் ஒரு குழந்தைச் சறுக்குவண்டியின் தடம்
வேலிக்கு வெளியே வளைந்து, ஒளியாமல்,
மாய்மு வீட்டு வாசலில் போய் நின்றது.
அங்கே புகை
வெள்ளையாய், கனமாய், ஏற மனசில்லாமல்
கூரையிலேயே படுத்திருந்தது.

"போலீஸைக் கூப்பிடவா?" என்றேன்.
"ஈர விறகை எரிக்கிறாள்" என்றார்.
கோபம்தான். யார் மேல் என்றுதான் புரியவில்லை.
"புகைபோக்கியெல்லாம் தார் பிடிக்கும்.
பிப்ரவரிக்குள் கூரை பற்றும்."
சூப் ஆறும்வரை அதையே சொன்னார்.

இரவு வெளியே சத்தம்.
இரண்டிரண்டு கட்டையாய்த் தட்டிப் பார்க்கிறார்.
'தொப்' என்றால் வலப்பக்கம்.
'டங்' என்றால் வேலியோரம்,
கைக்கு எட்டும் உயரத்தில்.
அவர் அசையும்போதெல்லாம் விளக்கு
திடுக்கிட்டு எரிந்தது.

இப்போது கோடு கோடே இல்லை.
அடுக்கு முழுக்க நீலப் புள்ளிகள்.
பூட்டையும் கழற்றிவிடலாமே என்றேன்.

"அது இருக்கட்டும்.
திறந்து வைத்தால் வரமாட்டாள்."