காலுக்கு முன் காற்று

இந்த ஊரில் காற்று ரேஷன்.
எல் ஆல்டோ. கடலிலிருந்து நாலாயிரம் மீட்டர் உயரம்.
விரல் நுனிக் கருவி எண்பத்தெட்டு காட்டினால்
"கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறீர்கள்" என்று
வீட்டுக்கு அனுப்பிவிடுவோம்.

செவேரோ சம்பில்யாவுக்கு எழுபத்து நாலு.
முகமூடி போட்ட பிறகு.

ஒருரோ சாலையில் எதிரே வந்த சிமெண்ட் லாரி.
மினிபஸ் ஸ்டியரிங் மார்பில், டாஷ்போர்டு தொடையில்.
இடப்பக்கம் ஐந்து விலா,
நுரையீரலில் மிதிபட்ட நாவல்பழம்போல ஒரு கன்றல்,
தொடையெலும்பு நட்டநடுவே இரண்டு.
மார்பில் செருகிய குழாய் வழியே
பாட்டில் நீரில் குமிழி குமிழியாக
மூச்சு வேறு பாதையில் வெளியேறிக்கொண்டிருந்தது.

லிம்பெர்ட் உவால்ப்பா எக்ஸ்-ரேயை வெளிச்சத்தில் பிடித்தான்.
"இப்போதே உள்ளே ஆணி இறக்கிவிடலாம்,
காலையில் உட்காரவைக்கலாம்.
படுக்கப்போட்டால் சளி கட்டும், நிமோனியா வரும்.
எடைக்கல் தொங்கவிட்டு வாரக்கணக்கில் காத்திருந்த காலம்
மலையேறிப்போச்சு."
மலைமேல் நின்றுகொண்டுதான் சொன்னான்.

தப்பில்லை அவன் சொன்னது.
ஒடிந்த எலும்பு ஒவ்வொரு அசைவிலும்
கொழுப்பைக் கொஞ்சம் ரத்தத்தில் கசியவிடும்.
சும்மா கிடக்கும் காலும் சும்மா இருப்பதில்லை.

ஆனால் நான் தலைமாட்டில் நிற்பவள்,
மயக்க மருந்துக்காரி.
எலும்புக்குள் குடைந்தால்
மஜ்ஜை எங்கே போகும் என்பது
அங்கிருந்து பார்த்தால்தான் தெரியும்.
நாளத்தில் ஏறி, இதயத்தின் வலது வாசல் கடந்து
நேரே அந்த நாவல்பழத்துக்கு.
பாதிக் கதவு சாத்திய வீட்டுக்கு
ஒரு பஸ் விருந்தாளிகள்.

லாக்டேட் நாலு புள்ளி எட்டு.
உடம்பு இன்னும் கடனில் ஓடுகிறது.

"பின்னே எப்போது?"
இரண்டுக்குக் கீழே இறங்கட்டும் என்றேன்.
"இறங்காவிட்டால்?"
நான் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தேன்.
அது பத்து நிமிடம் தாமதம்.

கடைசியில் வெளிக்கம்பிக்கு ஒத்துக்கொண்டான்.
குடையாமல், கட்டடத்துக்குச் சாரம் கட்டுகிற மாதிரி
எலும்பைப் புறத்தே நிறுத்திவைப்பது.
கம்பி கடையில்தான் கிடைக்கும்.
இரவு இரண்டு மணிக்கு எதிர்க்கடை ஷட்டரைத் தட்டி
இலாரியா வாங்கி வந்தாள்.
விடியலில் ஊதாச் சோளக் கஞ்சி விற்கிற மனைவி.
அன்று அடுப்பு மூட்டவில்லை.

நாலு திருகாணி, இரண்டு கம்பி, இருபத்தேழு நிமிடம்.

இரண்டாம் நாள் காய்ச்சல்.
லிம்பெர்ட் என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை.
பார்த்தான், அவ்வளவுதான்.
மூன்றாம் நாளைப் பற்றி நான் எழுதப்போவதில்லை.
நான்காம் நாள் ஒன்று புள்ளி ஆறு.
குமிழியும் நின்றிருந்தது.

ஐந்தாம் நாள் ஆணி.
குடையும்போது எண்கள் சரிந்தன,
எண்பத்தாறு, எண்பத்திரண்டு, எழுபத்தொன்பது.
நான் வாய் திறக்குமுன்னே
லிம்பெர்ட் கையை எடுத்துவிட்டான்.
உயரச் சன்னலில் ஒரு சிவப்புக் கேபிள் கார் போனது.
இன்னொன்று போனது.
எண்பத்தொன்று.
எண்பத்தைந்து.
"ம்" என்றேன்.

பிறகு இலாரியா இரண்டு ரசீதுகளோடு வந்தாள்.
"கடைசியில் இதுதான் என்றால்
அதை ஏன் வாங்கவைத்தீர்கள்?"
பழைய படத்தையும் புதியதையும் காட்டினேன்.
வெள்ளையாய் இருந்த இடம் கறுத்திருக்கிறது பாருங்கள்,
கறுப்பு என்றால் காற்று.
"ரசீதிலும் கறுப்பாய்த்தான் இருக்கிறது" என்றாள்.

மாலை நடைபாதையில் அவளைப் பார்த்தேன்.
கழற்றிய கம்பிகளைச் செய்தித்தாளில் விரித்து
வியாச்சாவிலிருந்து வந்த ஓர் அப்பாவிடம்
பாதி விலைக்குப் பேசிக்கொண்டிருந்தாள்.
மகள் ஏணியிலிருந்து விழுந்தாளாம். தொடையெலும்பு.

பார்க்காததுபோல் போயிருக்கலாம்.

"நெஞ்சில் அடி?"
"இல்லை டாக்டர். காலில் மட்டும்."
மூச்சு?
"கத்துகிறாள், கேட்கவில்லையா?"

அப்படியானால் இது வேண்டியதில்லை, என்றேன்.
இன்று ராத்திரியே ஆணி போட்டுவிடலாம்.

இலாரியா என்னை நிமிர்ந்து பார்க்கவில்லை.
கம்பிகளை ஒவ்வொன்றாக எடுத்துப்
பையில் போட்டுக்கொண்டாள்.