அளவுக்கு வரையப்பட்டதல்ல

முதலில் வடக்கு.
தாளின் மேல் மூலையில் ஓர் அம்புக்குறி.
அதற்குப் பிறகுதான் சாலை,
அதற்கும் பிறகு ஆள்.
பதினோரு வருடமாக இந்த வரிசையில்தான்
மாதிரி வரைபடம் போடுகிறேன்,
கடலூர் முதுநகர்ப் பக்கம்.
ஏட்டம்மா போட்டால் கோடு நேராக இருக்கும் என்று
நீதிமன்றத்திலேயே ஒருமுறை சொன்னார்கள்.

குடிகாடு, சிப்காட் வாசல்.
இரண்டாம் ஷிப்ட் விட்ட நேரம், இரவு பத்து இருபது.
மேற்கே டீக்கடை. கிழக்கே உப்பனாறு.
ஆற்றை வரையத் தேவையில்லை, ஆனாலும்
அந்த ரசாயன வாடையில் நின்றவளுக்கு
இரண்டு அலைக்கோடு போடாமல் இருக்க முடியவில்லை.
டேப்பின் மறுமுனையைப் பிடித்தவன்
டீக்கடையில் டம்ளர் கழுவுபவன்.
"எவ்வளவு?"
"பதினாறு மீட்டர், மேல கொஞ்சம்."
சைக்கிள் கிடந்த இடத்துக்கும்
அவர் கிடந்த இடத்துக்கும் நடுவே.
பள்ளிக்கூட வகுப்பறை ஒன்றை
இரண்டு முறை வைக்கலாம் அந்த நடுவில்.

கலியவரதன், வயது நாற்பத்தாறு, ஒப்பந்தக் கூலி.
வரைபடத்தில் அவர் பெயர் (ஆ).
(அ) லாரிக்கு.
பெரியது முதலில் என்பது வழக்கம்.

அதிவேகமாகவும் அஜாக்கிரதையாகவும்
என்று எழுதிவிட்டேன். அந்த இரண்டு சொல்லுக்கும்
பேனா தானாகவே போகும்.
"அவனும் பாத்து வந்திருக்கணும்ல,
ராத்திரியில சைக்கிள் கண்ணுக்கா தெரியுது,
அதையும் ஒரு வரி சேரு" என்றார் ஐயா.
டிரைவரும் அதையேதான் சொன்னான்.
"தெரியலம்மா. சத்தியமா தெரியல."
பொய் சொல்பவன் அழுகிற அழுகை இல்லை அது.
வரியை நான் சேர்க்கவில்லை.

வெள்ளைப் பட்டைகள் வரைந்தேன், ஏழு.
நெடுஞ்சாலைத் துறை ஏட்டில் அங்கே ஏழு உண்டு.
நின்று பார்த்தால்
தாரின் மேல் எலும்பு நிறத்தில் ஒன்றரை மிச்சம்.
இல்லாததை வரைவது என்று ஆனபின்
ஓரமாக நடக்க ஓர் இடமும்
வரைந்து தொலைத்திருக்கலாம்.

தாளின் அடியில் எப்போதும் எழுதுவது:
அளவுக்கு வரையப்பட்டதல்ல.

ஜனவரியில் சாலைப் பாதுகாப்பு மாதம்.
ஏதோ சங்கத்தில் கொடுத்தார்கள்
நூறு சிவப்பு ஒட்டுவில்லை, ஒரு பேனர்.
ஹெல்மெட் போட்டு வந்த பெண்ணுக்கு ரோஜாப்பூ.
போடாமல் வந்தவனுக்கும் ரோஜாப்பூ;
புகைப்படக்காரர் அவசரத்தில் இருந்தார்.
மீன் அன்னக்கூடையோடு சாலையைக் கடந்தவள்
"எனக்கு எங்கய்யா ஒட்டுவீங்க?" என்றாள்.
எல்லோரும் சிரித்தோம்.

தொண்ணூற்றெட்டு ஒட்டியாயிற்று. ஒன்று தொலைந்தது.
மிஞ்சிய ஒன்றை
ஸ்டேஷன் பின்புறம் புங்கமரத்தடியில்
வழக்குச் சொத்தாகச் சாய்ந்திருந்த சைக்கிளின்
பின் மட்கார்டில் ஒட்டினேன்.
தொடக் கூடாது. தெரியும்.
அன்றிலிருந்து ரோந்து ஜீப் திரும்பும்போதெல்லாம்
மரத்தடியில் ஒரு கண் திறந்து மூடும்.
"என்னாது அது?" என்றார் ஐயா.
"அந்த சைக்கிள்தாங்கய்யா. தெரியுதுங்களா?"
அவர் அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

மனு போட்டு, உத்தரவு வாங்கி,
சித்திரையில் அஞ்சலாட்சி வந்தார், மகனோடு.
முன்சக்கரம் எட்டாக வளைந்திருந்தது.
கையெழுத்துப் போட்டுப் பேனாவைத் தரும்போது
"இருட்டறதுக்குள்ள போயிடுவோம்" என்றார்,
நான் கேட்காமலே.
அதற்குள் இருட்டிவிட்டது.

பையன் முன்பக்கத்தைத் தூக்கிக்கொள்ள
பின்சக்கரம் மட்டும் உருண்டது
தாரும் மணலும் சேரும் விளிம்பில்.
ஒவ்வொரு வண்டி வெளிச்சத்துக்கும்
சிவப்பு. பிறகு இருட்டு. பிறகு சிவப்பு.
அவனை உட்பக்கம் விட்டு
சாலைப் பக்கமாக நடந்தார் அஞ்சலாட்சி,
கரும்பச்சைச் சேலையில்.

ஸ்டேஷன் வாசலில் நின்று பார்த்தேன்.
வளைவு வரைக்கும் சைக்கிள் தெரிந்தது.
அவர் தெரியவில்லை.