எடுத்தவர் பெயர்

தண்ணீர் வடிந்த ஐந்தாம் நாள்
நாலு போன், ஒரு கேமரா,
கொடுங்கையூரின் ஏழு தெருக்கள்:
இரண்டாயிரத்து முந்நூற்றுப் பதினாறு படங்கள்
என் ஒரே லேப்டாப்பில் வந்து இறங்கின.

கல்யாண ஆல்பம் செய்ய வாங்கியது அது.
மூர் மார்க்கெட், செகண்ட் ஹேண்ட்.
திறந்தால் ‘வருக, பிரமோத்’ என்கிறது.
யார் அந்தப் பிரமோத், தெரியாது.
பெயரை மாற்றப் போனால் பாஸ்வேர்டு கேட்கிறது.
மூன்று வருஷமாய் நான் பிரமோத்தாகத்தான்
மணப்பெண்களின் முகப்பரு துடைக்கிறேன்.

படமெல்லாம் சுவர்கள்.
சுவரெல்லாம் ஒரு கோடு,
தண்ணீர் நின்றுவிட்டுப் போன பழுப்புக் கோடு.
இடுப்பளவு, மார்பளவு,
ஒரு வீட்டில் காலண்டர் முருகனின் வேல்நுனி வரை.
திங்கட்கிழமை தாலுகா ஆபீசில் கொடுக்கவேண்டும்:
எந்த வீடு, எத்தனை அடி,
ரேஷன் கார்டு யார் பெயரில்.

வேலை ஐந்து பேருக்கு இருந்தது.
மென்பொருளுக்கு ஒரு ஆள் போதும்.

டில்லிபாபு பென் டிரைவில் ஒரு பிரதி எடுத்துப்போனான்.
இருதயராஜ் இன்னொன்று.
ஞாயிறு காலை மூன்று பிரதிகளும் கூடியபோது
ஒன்றுக்கொன்று முகம் தெரியவில்லை,
பாகம் பிரித்துப் பேசாமல் போன பங்காளிகள் மாதிரி.
இவன் ஆறாம் தெரு என்று குறித்தது அதில் இல்லை.
அவன் நீக்கியது இதில் உயிரோடு.
‘பைனல்’, ‘பைனல் புதுசு’, ‘இதான் பைனல் டில்லி’.

சரி, ஒரே லேப்டாப்,
லாரித் தண்ணிக்குக் குடம் போடுவதுபோல
வரிசையில் உட்காருவோம் என்றோம்.
நபீசா ஒரு படத்துக்கு ஐந்து ஸ்டார் வைத்தாள்.
ஃபோகஸ் இல்லையென்று இருதயராஜ் அதை ஒன்றாக்கினான்.
‘யார்பா என் ஸ்டாரப் புடுங்கனது?’
அதற்குப் பதில் மென்பொருளில் இல்லை.
கடைசியாகத் தொட்ட விரலைத்தான் அது நம்பும்.
அந்த விரலுக்கும் பிரமோத் என்றே பெயர்.

படம் மங்கல்தான்.
ஆனால் ஆணியில் ஒரு பள்ளிப்பை தொங்குகிறது,
கோடு அதன் ஜிப்புக்கு மேலே போகிறது.
‘எடுக்கச் சொல்ல கை நடுங்கிச்சி.
அதுக்குன்னு தண்ணி வரலன்னு ஆயிடுமா?’

இரவு எட்டரைக்குக் கரண்ட் போனது.
பேட்டரி எப்போதோ செத்தது.
வந்தபின் திறந்தால்,
‘இந்தத் தொகுப்பு வேறொருவரின் பயன்பாட்டில் உள்ளது.’
வேறொருவர்!
ஐந்து பேரும் இங்கேதான்
கொசு அடித்துக்கொண்டிருக்கிறோம்.
ஆளில்லாத வீட்டில்
உள்தாழ்ப்பாள்.

பூட்டு எங்கள் குறிப்புகளுக்குத்தான்.
படங்கள் போல்டரில் சும்மா கிடந்தன.
‘பிரிண்ட் போடு’ என்றாள் தேசம்மாள்.
அவள் வேலை பார்க்கும் ஜெராக்ஸ் கடைச் சாவி அவளிடம்.
குட்டிக் குட்டியாக, தாளுக்கு முப்பது.
கேரம் கிளப் தரையில் எழுபத்தெட்டுத் தாள் விரித்து,
ஃபேனை நிறுத்தி,
அப்புறமும் பறந்தவற்றின் மேல்
கருப்புக் காய், வெள்ளைக் காய் வைத்தோம்.

முட்டிபோட்டு நாலு பேர்.
நீலம் நபீசா, பச்சை டில்லி, சிவப்பு இருதயராஜ்.
தேசம்மாளுக்குப் பென்சில்.
நான் எதுவும் எடுக்கவில்லை,
எப்படியும் தட்டப்போவது நான்தானே.

‘இது ஆறாந்தெரு இல்ல.’
‘ஆறுதான், பின்பக்கம்.’
‘கதவு நம்பரப் பாரு மொதல்ல.’
அடித்தது, அடித்ததன்மேல் எழுதியது,
அதையும் அடித்தது,
எல்லாம் அப்படியே தெரிந்தது.
பள்ளிப்பைக்கு நீலத்தில் ஐந்து நட்சத்திரம்.
பக்கத்தில் சிவப்பில், பொடி எழுத்தில், ‘சரி’.

மூன்று மணிக்கு அந்தப் பூட்டுக் கோப்பைக்
கண்டுபிடித்து அழித்தேன்.
விடியும்வரை தட்டினேன்.
நாலு நிறமும் என் விரல் வழியே
ஒரே கருப்பாக உள்ளே போனது.
தாள்களை எறிய மனம் வரவில்லை,
உருட்டி ரப்பர் பேண்ட் போட்டேன்.

திங்கட்கிழமை ஆபீசர் பக்கம் புரட்டினார்.
ஒவ்வொரு படத்தின் அடியிலும்
யாரும் கேட்காமலே அச்சாகியிருந்தது:
எடுத்தவர் பெயர், பிரமோத்.

‘இவ்ளோ படமும் ஒருத்தரா?
யாரும்மா இந்தப் பிரமோத், வரலயா?’

நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம்.
தேசம்மாள் துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு
கண் இமைக்காமல் சொன்னாள்:
‘நம்ம ஆளுதான் சார்.
ராத்திரி பூரா கண்ணு முழிச்சாரு,
இப்பத்தான் தூங்கறாரு.’