தொட்டாற்சுருங்கிக்கு எட்டரை நிமிடம்

"சாக்கு ஓட்டம் சலித்துவிட்டது, யோகமலர்,
புதுசாக ஏதாவது யோசி"
என்று சொல்லிவிட்டுப் போனார் ஹஷிம்.
ஆலைக் குடும்ப நாளுக்கு இன்னும் மூன்று வாரம்.
புதுசு எந்தக் கடையில் விற்கிறது?
ஞாயிறு பசியாறிவிட்டுத்
தண்ணீர்மலைப் பூங்காவில் இறங்கினேன்,
கையில் நோட்டு, கழுத்தில் விசில்.

நாகலிங்க மரத்தடியில் நாலு காய்,
பீரங்கிக்குத் தப்பிய குண்டுகள்.
'உருட்டல் ஆட்டம், இரண்டு அணி' என்று எழுதி
அண்ணாந்து பார்த்து
உடனே அடித்தேன்.

கொய்யாக் கிளையில் முசுறுகள்
ஒன்றன் இடுப்பை ஒன்று கவ்விப்
பாலமாய் நீண்டு
எட்டாத இரண்டு இலைகளை
இழுத்து இழுத்து அருகே கொண்டுவந்தன.
பன்னிரண்டு பேர், இரண்டு பாய், நடுவில் பத்தடி.
இதை அடிக்கவில்லை.

நான்காம் விதி:
சாப்பிடும் பொருளைப் பரிசாக வைக்காதே.
அதைக் குரங்கே சொல்லிக்கொடுத்தது,
என் பொட்டலத்தோடு கூரையேறி.

புல் ஓரத்தில் தொட்டாற்சுருங்கி.
தொட்டேன். மடங்கியது.
குந்தி உட்கார்ந்து கடிகாரம் பார்த்தேன்.
முழுதாய் விரிய எட்டரை நிமிடம்.
அதற்குள் எங்கள் வரிசையில்
நூற்றெழுபது பலகைகள் கடந்துபோயிருக்கும்.
ஆலைக்கு வந்து பதினோரு வருடம்,
ஓர் இலைக்காக நான் காத்திருந்தது
அன்றுதான்.
எழுதினேன்:
தொட்டால் மடங்கு.
கிட்ட யாரும் இல்லாமல் இருநூறு எண்ணி எழு.

குடும்ப நாள்.
வெள்ளை உடுப்பும் முகமூடியும் இல்லாமல்
பாதிப் பேரை எனக்கு அடையாளம் தெரியவில்லை.
கண்களை மட்டுமே பழகிய ஆட்களுக்குத்
திடீரென்று
மூக்கு, மீசை, தெத்துப்பல்.
முசுறுப் பாலத்தில் நோர்லைலா தயங்கினாள்.
இடுப்பு வேண்டாம், துண்டைப் பிடிக்கலாம் என்று
விதியை நின்ற இடத்திலேயே திருத்தினேன்.
பாய்கள் ஒட்டியபோது போட்ட கூச்சலில்
அருவியே கேட்கவில்லை.

பிறகு தொட்டாற்சுருங்கி.
இரவு ஷிப்ட் முடித்து நேரே வந்திருந்த முகிலரசு
முதல் தொடலிலேயே மடங்கினான்.
இருநூறு ஆயிற்று. முந்நூறு ஆயிற்று.
எழவில்லை.
நெஞ்சு திக்கென்றது, ஓடினேன்.
வேரில் கன்னம் வைத்து
வாய் லேசாய்த் திறந்து
அசந்து தூங்குகிறான்.
மரமும் பார்த்து வாய்த்திருந்தது:
தூங்குமூஞ்சி.

யாரோ சிரிக்கப் போனார்கள்.
லிம் கை ஹூய் உதட்டில் விரல் வைத்தாள்.
அதற்குமேல் ஆட்டம்
என் நோட்டில் இல்லாதது.
நாற்பது பேர் நுனிக்காலில்
அவனைச் சுற்றித் தொட்டார்கள், மடங்கினார்கள், எழுந்தார்கள்.
சருகு நொறுங்கினால் அவுட்.
இருமினால் அவுட்.
யாரும் சொல்லாமலே எல்லோருக்கும் விதி தெரிந்தது.
ஹஷிம்கூடச் செருப்பைக் கழற்றிக்
கையில் வைத்துக்கொண்டார்.
விசிலை நான்
சட்டைப்பைக்குள் போட்டேன்.

மதிப்பெண் தாளை நேற்று
அலுவலகத்தில் ஒப்படைக்க வேண்டியிருந்தது.
வெற்றி பெற்ற அணி என்ற கட்டத்தில்
வெகுநேரம் பேனாவை வைத்துக்கொண்டிருந்தேன்.
பிறகு எழுதினேன்:
மூன்று பத்துக்கு மழை.
அதுதான் எழுப்பியது, நாங்கள் அல்ல.