இரண்டு தசம் ஏழு

அர்ச்சனைத் தட்டை வாங்கிய ஐயர்
பெயர் கேட்டார், சொன்னேன்.
நட்சத்திரம் கேட்டார்.
இரண்டு தசம் ஏழு என்று
நாக்கு நுனிவரை வந்துவிட்டது.

விழுங்கிக்கொண்டு
அவிட்டம் என்றேன்.

கல்லடிப் பாலத்துக்கு இந்தப் பக்கம்
பன்னிரண்டு மேசை, ஓடாத மின்விசிறி இரண்டு,
அதுதான் என் கடை.
சித்திரை லீவுக்கு வந்த குடும்பமொன்று
ஒற்றை நட்சத்திரம் வைத்து எழுதிவிட்டுப் போனது:
'கணவாய்க் கறியில் மணல்.
சொன்னோம். முதலாளி சிரித்தார்.'

சிரித்தேன்தான்.
கடலிலிருந்து வந்ததற்கு அதுதானே அத்தாட்சி என்று
பகிடி விட்டதாகவும் ஞாபகம்.
அவர்களோடு ஒரு சிறுமி இருந்தாள்.
பல்லில் கரகரத்ததை
உள்ளங்கையில் துப்பி
என்னிடம் நீட்டிக்கொண்டே நின்றாள்.
அதை அவர்கள் எழுதவில்லை.

கொழும்புக் கம்பனிக்காரருக்குத் தேன் குரல்.
அழிக்க ஏலாது சேர்,
நல்லதாக நாலு கொட்டினால்
கெட்டது தானாகக் கீழே போய்விடும்.
மூன்று மாதம்,
ஒரு இலட்சத்து முப்பத்தையாயிரம்.

மணல் என்றவர் வாயில்
மண் போடும் கூலி.
முதல் தவணையை அன்றைக்கே கட்டினேன்.

வைகாசி பிறக்க முன்னம்
ரொறன்ரோக்காரர் ஒருவர் வந்து சாப்பிட்டிருந்தார்.
பேர்லினிலிருந்து ஒரு தம்பதி
எங்கள் மாடியில் இருந்து கடல் பார்த்தார்களாம்.
எங்களுக்கு மாடி இல்லை.
இன்னொருவர் நண்டுப் பிட்டுக்கு உருகியிருந்தார்.
அப்படியொன்று நாங்கள் போடுவதே இல்லை.
அடுத்த கிழமை அதைக் கேட்டு ஆட்கள் வந்தார்கள்,
போடத் தொடங்கினோம்.

நேற்றிரவு,
சிட்னி சுபத்திரா, ஐந்து நட்சத்திரம்:
'சோக்கான சாப்பாடு. மறுகா வருவம்.'

மறுகா.
ஓட்டமாவடிப் பாலம் தாண்டினால்
ஆட்கள் சிரிப்பார்கள் என்று
நாங்கள் மடித்து மடியில் செருகிக்கொள்ளும் சொல்.
சிட்னியில் இதை
யார் எடுத்து உதறினார்?

காசு மேசையில் டிலுக்ஷனாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
அவள் கல்குலேட்டரைக் கவிழ்த்து வைத்தாள்,
நிமிர்த்தினாள், திரும்பவும் கவிழ்த்தாள்.
'தம்பிதான் அண்ணன்.
ராவிருந்து எழுதுறான். ஒண்டுக்கு அறுபது ரூபா.
எந்தக் கடைக்கு எண்டு கடைசியிலதான் சொல்லுவாங்களாம்.'

எங்கட கணவாய் சாப்பிட்டிருக்கிறானா?

அவள் பதில் சொல்லவில்லை.
கறிப் பார்சல் ஆயிரத்து இருநூறு.
ஒன்றை வாங்கிச் சாப்பிட
அந்தப் பொடியன்
இருபது பேராக வேண்டும்.

இரவு ஒரு பார்சல் கட்டிக் கொடுத்துவிட்டேன்,
நண்டுப் பிட்டும் வைத்து.

காலையில் வந்தவள்
குடையை மடித்தாள், மேசை துடைத்தாள்,
துடைத்த மேசையையே மறுபடி துடைத்தாள்.
என்னவாம் தம்பி?
'நல்லம் எண்டவன்.'
பிறகு, மிக மெல்ல,
'ஒரு இடத்தில மட்டும் கடிச்சதாம்.'

கடைக்கு இப்போது நாலு தசம் இரண்டு.
இரண்டாம் தவணை வெள்ளிக்கிழமை.
கட்டுவேன் என்றுதான் நினைக்கிறேன்.

பின்னால் கிணற்றடியில் குந்தி
நாவலடிக் கரையில் எடுத்த கணவாய் ஒவ்வொன்றையும்
கிழித்து, விரல் விட்டு, அலசுகிறேன்.
மூன்றாம் தண்ணீரிலும்
வாளியின் அடியில்
வந்து தங்குகிறது.