அருவங்காட்டில் போட்ட மதிப்பெண்

எங்கள் கல்லூரியில் விளையாட்டு ஒதுக்கீட்டுக்கு
நாலே இடம்.
வந்திருந்தவர்கள் நாற்பத்தொரு பேர்.
ஜூன் மழை. அருவங்காடு மைதானம்.
குடைக்குள் நான்,
பால் கவருக்குள் என் நோட்டு.

பத்துக்கு ஒன்பதரை
என் சர்வீஸில் ஒருத்தனுக்குத்தான் போட்டிருக்கிறேன்.
ஹாலன். ஜெகதளாக்காரன்.
நடுக்கோட்டுக்குச் சற்று முன்னாலிருந்து அடித்தான்.
பந்து எழும்பியது,
மஞ்சுக்குள் போனது,
காணவில்லை.
கோல்கீப்பர் வானத்தைப் பார்த்து நிற்கிறான்
பின்னால் வலை மட்டும் அசைகிறது.

சாயங்காலமே குன்னூர் பஸ் ஸ்டாண்டில் ஃப்ளெக்ஸ்.
மலை பெற்ற மின்னலே.
அவன் தோளுக்குப் பின்னால்
எதற்கென்று தெரியாமல் ஒரு புலி.
நிருபர் கேட்டார்:
'இந்தியாவுக்கு ஆடுவானா சார்?'
'அந்தக் கேள்விக்குறியை எடுத்துடுங்க' என்றேன்.
அது அப்படியே வந்தது,
கொட்டை எழுத்தில், என் பெயரோடு.
கத்தரித்துப் பர்ஸில் வைத்துக்கொண்டேன்.

கோவையில் முதல் வாரம்.
அதே கால். அதே அடி.
பந்து கோலுக்கு ஆறேழு கெஜம் முன்னாலேயே
அரிசி மூட்டை மாதிரி விழுந்தது.
திரும்ப அடி என்றேன்.
திரும்ப விழுந்தது.
வெயிலில் அவன் முகம்
வேகவைத்த பீட்ரூட்.

பௌதிகத் துறை ரோசலின் மேடம்
மதியச் சாப்பாட்டில் விளக்கினார்கள்:
ஆறாயிரம் அடியில் காற்று லேசு சார்,
பந்தைப் பிடித்து இழுக்கிற கை அங்கே குறைவு.
தயிர்சாதத்தை உருட்டிக்கொண்டே சொன்னார்கள்.
மார்க் போட்டது பையனுக்கா காற்றுக்கா
யோசித்தபடி கை கழுவப் போனேன்.

மூன்று வருஷத்தில் நாலு கோல்.
அதில் ஒன்று எதிராளி முட்டியில் பட்டது.

எட்டே முக்கால் வாங்கிய தங்கேஸ்வரனுக்கு
முதல் மாதமே முட்டி ஜவ்வு.
எட்டரை, ரெஜிஸ்: ஹாஸ்டல் சாம்பாரைக் குடித்துவிட்டு
மூன்றாம் நாள் பஸ் ஏறிவிட்டான்.
நாலாவது ஆளின் முகம் நினைவில்லை.
நோட்டில் 'நல்ல பையன்' என்றிருக்கிறது.
எழுத ஒன்றுமில்லாதபோது நாங்கள் எழுதுவது அது.
ஒரு வங்கி அணிக்கு ஏழு சீசன்
வலப்பக்கத் தடுப்பில் நின்றானாம்.
நான் ஒரு ஆட்டம்கூடப் பார்க்கவில்லை.

போன மார்ச்சில் கேத்தியில்
கேரட் கழுவும் மெஷின் பக்கத்தில்
'சார்' என்று ஒரு குரல்.
ஹாலன். தொப்பை. ரப்பர் பூட்ஸ்.
சுழலும் உருளைக்குள் சேறு கழன்று
செம்மஞ்சளாய்க் கொட்டிக்கொண்டிருந்தது.
மெஷின் அவனுடையது, இரண்டாவதும் வாங்கப் போகிறான்.
சத்தத்துக்கு மேல் கத்திப் பேசினோம்.

'அன்னைக்கு அருவங்காட்டுல, சார்…
அது ஷாட் இல்ல.
வலது விங்குல நம்ம பையன் நிக்கறான்னு
பாஸ் குடுத்தேன்.
மஞ்சுல கோணம் தப்பிருச்சு.
எல்லாரும் கத்தினாங்க.
சொல்லலாம்னு பார்த்தேன்,
அதுக்குள்ள புலி எல்லாம் போட்டுட்டாங்க.'

சிரித்தான்.
ஈரக் கேரட் ஒன்றை எடுத்து நீட்டினான்.
நான் கடித்தேன், வேறென்ன செய்ய.
பர்ஸ் பின்பாக்கெட்டில் இருந்தது.

இந்த ஜூனிலும் ஏறினேன்.
இப்போது பையன்கள் போனை நீட்டுகிறார்கள்,
பாட்டு சேர்த்த வீடியோ, கோல் மட்டும் வருகிறது.
நான் நோட்டில் புதிதாக ஒரு கட்டம் போட்டிருக்கிறேன்:
மஞ்சு எவ்வளவு.
எண்ணுக்கு முன் அதை நிரப்புவது என்று முடிவு.
ஏழுக்கு மேல் யாருக்கும் கிடையாது என்றும்.

பதினொன்றரை வரை தாக்குப்பிடித்தேன்.
அப்புறம் ஒருத்தன் வந்தான், கொலக்கம்பைக்காரன்,
இடது கால்.
ஒன்பது போட்டுவிட்டேன்.
வெயில்தான் அடித்தது, சத்தியமாய் மஞ்சு இல்லை,
நீங்கள் பார்த்திருக்க வேண்டும்
அவன் திரும்புகிறபோது அந்தப் பந்து