குந்தி உட்கார்ந்த எலும்பு

சோஹாருக்கு மேற்கே
வாதியில் வெள்ளம் வடிந்த மூன்றாம் நாள்
நூற்றெழுபத்தொரு எலும்புகள் வந்தன.
ஒரு பூட்ஸ். அதற்குள் பாதி லேபர் கார்டு.
கழுவினேன், எண் எழுதினேன்,
வெயில் படாமல் உலர்த்தினேன்.

டாக்டர் நல்லவர். குரல் உயர்த்தாதவர்.
கால் எலும்பை விளக்கடியில் திருப்பிக் காட்டினார்:
கணுவின் முன்விளிம்பில்
சுண்டுவிரல் நகமளவு ஒரு வழவழப்பு.
"குந்தி உட்கார்ந்தே வளர்ந்தவன். தெற்காசியா.
இவ்வளவு தெளிவாக நான் பார்த்ததில்லை.
மாணவர்களுக்கு ஆகும், படம் எடு."

அளவுகோல் வைத்து ஏழு படம் எடுத்தேன்.

குந்தி உட்கார்ந்து என்னென்ன செய்திருப்பான்?
பல் தேய்த்திருப்பான். கம்பி கட்டியிருப்பான்.
சம்பளம் வரும் என்று சொன்ன வாசலில்
நிழல் நகர நகரத்
தானும் நகர்ந்திருப்பான்.

கம்பெனிக் கடிதம் இரண்டே வரி:
மேற்படி தொழிலாளி போன மார்ச் ஒன்பது முதல் ஓடிப்போனவர்.
எங்களுக்குப் பொறுப்பில்லை.

ஓடிப்போனவனின் கால்
என் மேசைமேல் இருக்கிறது.

பாஸ்போர்ட்டில் ஒரு பெயர், கார்டில் வேறொன்று.
இரண்டிலும் ழ இல்லை.
ஏழுமலை என்று நான்தான் வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தேன்.

செஞ்சிப் பக்கத்து அஞ்சலாட்சியிடம்
நான்தான் பேசவேண்டும்,
இங்கே தமிழ் தெரிந்தவள் நான் ஒருத்தி.
பையனின் கன்னத்து உட்புறத்தைப்
பஞ்சால் தடவி அனுப்பணும் என்றேன்.
"எச்சில் குடுத்தா அவுருதான்னு சொல்லிடுவீங்களா?"
சொல்லலாம் என்றேன்.
"அவுரு இல்லன்னா
எம்புள்ள எச்சில என்னா பண்ணுவீங்க?"

அதற்கு எங்கள் படிவத்தில் கட்டம் இல்லை.

இருக்கிற கட்டம் வேறு:
'உரிமை கோருவார் எவருமில்லை.'
டிக் போட்டால் கால் கண்ணாடி அலமாரிக்குப் போகும்,
பெயரில்லாமல், நல்ல வெளிச்சத்தில்.
தாளை என் மேசையில் வைத்துவிட்டு
டாக்டர் தொழுகைக்குப் போனார்.

ஃபிரிட்ஜின் உறுமல் மட்டும்.
கதவோரம் குந்தி உட்கார்ந்தேன்.
என் கணுவிலும் இருக்கும் அந்த வழவழப்பு.
துணி துவைத்தது, பாத்திரம் விளக்கியது,
விசா ஆபீஸ் வெளியில் உட்கார்ந்த நாலு மணி நேரம்.
தோல் மூடியிருக்கும்வரை
என்னைக் கேட்காமல் யாரும் பார்க்க முடியாது.

டிக் போடவில்லை.
மாணவர்களுக்கென்று எடுத்த ஏழு படத்தையும்
ஒவ்வொன்றாக அழித்தேன்.

எட்டாவது,
அவரே எடுத்தது,
அவர் போனில் இருக்கிறது.